புரட்டாதிச் சனியும் கொண்டைக்குருவியும்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் தொங்கிய ஓர்கிட் சட்டிக்குள் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியது. வாசல் கால்மிதியிலிருந்து தேங்காய்த் தும்பை இழுத்து இழுத்துக் கொண்டுபோனது. பழைய கால்மிதிதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு குஞ்சுகள் பொரித்தன. தாயும் தகப்பனும் முதலில் பச்சைப் புழுக்களாகக் கொண்டுவந்தன, பிறகு பழம். ஊட்டி முடித்ததும் குஞ்சின் எச்சத்தை அலகில் கவ்வித் தூரப் போய்ப் போடும். குப்பைப் பையைப் படிக்கட்டில் வைக்கிற எங்கள் மாடிக்காரருக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

அப்போது பார்த்துப் புரட்டாதிச் சனி வந்தது. எனக்கு ஏழரைச் சனியாம். மனைவியின் தாய், என் மாமி, எனக்காக விரதம் பிடித்தார். சோற்றை முதலில் காகத்துக்கு வைக்க வேண்டும். அது தொடாமல் அவர் வாயில் ஒரு பருக்கையும் போகாது. வைக்கிற இடம் பல்கனிச் சுவர், கூட்டிலிருந்து இரண்டு முழம்.

“மாமி, குஞ்சுகள் பறக்குமட்டும் மொட்டைமாடியில வைப்பம். நான் கொண்டுபோறன்.”

“விரதகாரர்தான் வைக்கவேணும் தம்பி. எனக்குப் படியேற முழங்கால் விடாது. காகம் சோத்துக்குத்தானே வருது.”

நான் வீடு பெருக்குகிற தும்புத்தடியோடு கூட்டுக்குக் காவல் நின்றேன். ஒரு காகமும் இறங்கவில்லை. மாமி சீனி வருத்தக்காரி, சாப்பாடு பிந்தினால் தாங்கமாட்டார்.

“நீங்கள் தடியோட நிண்டா எப்பிடி வரும்? எனக்குக் கை நடுங்குது, உள்ள வாங்கோ.”

வந்தேன். அவர் எள்ளெண்ணெய் விளக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஒரு காகம் இறங்கியது. சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாய்க்குருவி எங்கே நுழைகிறது என்று பார்த்தது. நான் கதவைத் திறப்பதற்குள் ஒரு குஞ்சு போய்விட்டது. மற்றதை இன்னொரு காகம் தூக்கி, எதிர்க்கட்டிடத் தண்ணீர்த் தாங்கியில் காலால் மிதித்துக் கிழித்தது. பிறகு திரும்பி வந்து, சுவரில் அலகைத் துடைத்துவிட்டு, ஒரு வாய் சோறு எடுத்தது.

மாமி வெளியே வந்தபோது கண்டது அதை மட்டுந்தான். கைகூப்பினார்.

“சனீஸ்வரன் உங்களில இரங்கியிட்டார் தம்பி. வாங்கோ, சாப்பிடுவம்.”

காகத்தை விட மாமியில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவரோ எனக்காகப் பட்டினி கிடந்தவர். இலையில் கத்தரிக்காய்க் குழம்பு விட்டார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

தாய்க்குருவி அலகில் பழத்தோடு வெறுங் கூட்டின் விளிம்பில் நின்றது. மாமி எட்டிப் பார்த்தார்.

“பாவம், அதுவும் பசியில வந்திருக்கு. அதுக்கும் கொஞ்சம் வையுங்கோ.”