‘நீங்க’ என்று சொன்னதற்குத் தடை

போன ஞாயிற்றுக்கிழமை முகையூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னுடைய கேம் அக்கவுண்டுக்கு நானே கொள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

நான் செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவள் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ‘நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா மேடம்?’ என்று கேட்டு எழுதியவர்களும் உண்டு. தேவைதான். ஆபீஸ் முடிந்து விழுப்புரம் டவுன் பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்த பிறகு, யாரையாவது சுடாமல் எப்படி மனசு ஆறும்?

ஆனால் இந்த வாரம் சிரிக்க வைக்க எழுதவில்லை. வயிறு எரிந்து எழுதுகிறேன்.

என் அண்ணன் ஏழுமலைக்குக் கிளியனூரில் விவசாயம். அவனுடைய ஒரே மகள் நிவேதா, கூடப் படித்த சதீஷைக் கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்தில் இருக்கிறாள். சதீஷ் வேறு சாதி. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? அண்ணன் அடிக்கவில்லை, வெட்டுவேன் குத்துவேன் என்று குதிக்கவில்லை. மருமகனை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை... அவ்வளவுதான்.

நல்லது கெட்டதில் நேருக்கு நேர் வந்துவிட்டால், ‘சாப்பிடலாமே’, ‘உக்காரலாமே’ என்று மொட்டையாகப் பேசுவான். ‘நீ’யும் கிடையாது, ‘நீங்க’வும் கிடையாது. பேச்சு சுவரைப் பார்த்துப் போகும். நம் ஊரில் ஒருவனை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தை எதற்கு? இப்படிப் பேசினால் போதாதா?

போன வருடம் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். படுத்த படுக்கையாக, மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லையே என்று போனில் என் உயிரை வாங்கினான். தொல்லை தாங்காமல் நான்தான் இந்த கேமை இறக்கிக் கொடுத்தேன். ஒரே வாரம். “ஏய், பின்னால வர்றான் பாரு, ஜல்தி குனி” என்று எனக்கே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டான்.

நான்கு பேர் ஓர் அணியாக, மைக்கில் பேசிக்கொண்டே ஆடுகிற ஆட்டம். நான், அண்ணன், நிவேதா. நான்காவது ஆளாக நிவேதா ஒருவரைச் சேர்த்தாள். குரல் கேட்டதுமே அது சதீஷ் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. போனை வீசிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. “ரைட்டுல போனா நல்லாருக்கும்” என்றான். மொட்டையாகத்தான்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து வைத்தும் ஆகாத காரியத்தை ஒரு செல்போன் கேம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன் — அந்தக் கம்பெனியை நான் மனதாரக் கும்பிட்டேன். சர்வர் சிக்கிக்கொண்டு நின்றபோதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஏற்கனவே வாங்கிய துப்பாக்கிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் திரும்ப என் தலையிலேயே கட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் நிவேதா முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு அண்ணன் சதீஷின் ஊரான முகையூருக்குப் போய், அவன் குடும்பத்தாரிடம் முறையாகக் கேட்க வேண்டும். போகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான்.

சொன்ன அன்று சாயங்காலம் ஆட்டத்தில் உட்கார்ந்தோம். ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டிய இடம். அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“நீங்க முன்னாடி போங்க மாப்ள. நான் பின்னால பாத்துக்கினு வர்றேன்.”

சதீஷ் அப்படியே நின்றுவிட்டான். பாலத்தின் நடுவில் நின்றால் எதிரி சும்மா இருப்பானா? சுட்டுத் தள்ளிவிட்டான். சதீஷ் ஆட்டத்தை விட்டே வெளியேறினான். அழுதுவிட்டானாம், நிவேதா பிறகு சொன்னாள்.

சதீஷ் போனது அண்ணனுக்குத் தெரியாது. “நீங்க ஏன் நின்னீங்க? நீங்க ஓடியிருக்கணும், நீங்க...” என்று வெளியேறிவிட்ட ஆளிடம் பேசிக்கொண்டே இருந்தான். இத்தனை நாள் வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை மொத்தமாகத் திறந்துவிட்டவன் போலிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் அக்கவுண்டு முடங்கியது. நிரந்தரத் தடை. இரண்டு பக்கச் சொந்தக்காரர்களையும் சேர்த்து நிவேதா அந்த கேமிலேயே ஒரு பெரிய குழு தொடங்கி வைத்திருந்தாள்; அதில் இருந்த எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. ‘உங்கள் உறுப்பினர் ஏழுமலை, பிறப்பையும் இனத்தையும் இழிவுபடுத்தும் சொல்லைப் பலமுறை பேசியதற்காக நீக்கப்பட்டார்.’

அந்தக் குழுவில் சதீஷின் அண்ணன் முரளி இருக்கிறான். அவன் பங்காளிகள் இருக்கிறார்கள். பிறப்பு, இழிவு, ஏழுமலை. இந்த மூன்று சொற்களையும் சேர்த்துப் படித்தால் முகையூரில் என்ன அர்த்தம் வரும்?

நான் அப்பீல் போட்டேன். முன்பெல்லாம் தமிழ் தெரிந்த மனிதர்கள் பதில் சொல்வார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று அவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரம்தான் பேச்சைக் கேட்க ஒரு மெஷினை உட்கார வைத்திருக்கிறார்கள். மனிதர் பார்க்க வேண்டுமா? காசு கட்டித் ‘தங்க உறுப்பினர்’ ஆக வேண்டும். சேர்ந்து தொலைத்தேன். ‘ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது, முடிவில் மாற்றமில்லை’ என்று பதில் வந்தது. ஆதாரத்தைத் தட்டினேன்.

அண்ணன் குரல். “நீங்க.” அவ்வளவே.

கறுப்பின மக்களை இழிவு செய்யும் ஓர் ஆங்கில வசைச்சொல் உண்டு. நம்முடைய ‘நீங்க’ அந்த மெஷினின் காதில் அப்படி விழுந்திருக்கிறது. வாடா, போடா, நாயே, பேயே என்று பிறரைத் திட்டுகிறவனெல்லாம் ஜம்மென்று ஆடிக்கொண்டிருக்கிறான். மரியாதை கொடுத்தவனுக்குத் தடை. தமிழர்களின் காசு வேண்டும், தமிழ் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் மனம் வராது. இதை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

சதீஷுக்குப் போன் செய்தேன். குரல் தயங்கியது. “நான் இருந்தவரைக்கும் மாமா மரியாதையாத்தான் பேசுனாரு அத்தை. நான் வெளிய வந்தப்புறம்... எதுனா கோவத்துல...”

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொட்டைப் பேச்சை அத்தனை நாள் வாங்கியவன் வேறு எப்படி நினைப்பான்?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை முகையூர் போனேன். முரளி நாற்காலி போட்டான், காபி கொடுத்தான். ஆதாரத்தைப் போட்டுக் காட்டினேன்.

“இது மட்டுந்தானா? மீதிய எங்க வெட்னீங்க?” என்றான்.

“கம்பெனி அனுப்புனதே இவ்ளோதாம்பா.”

“நீங்கன்னு சொன்னதுக்கு எவனாவது பேன் பண்ணுவானா? நான் இன்னா காதுல பூ வெச்சிக்கினா இருக்கேன்? எங்கள இன்னா சொன்னாருன்னு தெரியாதவரைக்கும் வளைகாப்புப் பேச்சே வாணாம். எங்கம்மா அழுதுக்கினு கெடக்குது.”

அவன் நிலையில் நானும் நம்பியிருக்க மாட்டேன். உண்மையே பொய் மாதிரி இருந்தால் என்ன செய்வது?

என் போனை எடுத்தேன். பல வருடம் ஆடிச் சேர்த்த அக்கவுண்டு. பட்டங்கள், நண்பர்கள், நான் ஜெயித்த ஒரே கோப்பை... எல்லாம் அதில்தான் இருந்தன. முரளியின் போனில் அவனையும் என் அணியில் சேர்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.

“நீங்க நல்லாருக்கீங்களா? நீங்க காபி குடிச்சீங்களா? நீங்க எந்தப் பக்கம் போறீங்க?”

முரளி முதலில் சிரித்தான். ஆட்டம் முடிந்ததும் அவன் கையிலிருந்த போனில் அறிவிப்பு வந்தது. இந்த முறை பிறப்பை இழிவுபடுத்தியவள் நான். அதை இரண்டு தரம் படித்தான். சிரிப்பு நின்றது.

“பேஜாரு புடிச்ச கம்பெனியா இருக்குதே” என்றான் மெதுவாக. பிறகு உள்ளே பார்த்து, “அம்மா, அவரு ஒண்ணும் சொல்லலம்மா. வரச் சொல்லிடலாம்” என்றான்.

என் அக்கவுண்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஜெயித்த சந்தோஷத்தோடுதான் பஸ்ஸில் திரும்பினேன். காரியம் முடிந்ததென்று நினைத்தேன்.

புதன்கிழமை அண்ணனும் நானும் தட்டு வரிசையோடு முகையூர் கிளம்பினோம். கார் ஊரை நெருங்கும்போது அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“அங்க போயி அவர நீங்கன்னு சொல்லலாமா, கூடாதா?”

“இன்னாண்ணா கேக்குற? தாராளமாச் சொல்லு.”

“அவங்க போன்லயும் அது கேட்டுக்கினு இருக்கும்ல? திரும்பவும் பொறப்ப இழுத்துப் பேசுனேன்னு வந்துச்சின்னா? கேஸாயிடும்மா. புள்ளைய அனுப்ப மாட்டாங்க.”

இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினான். அவனுக்கு அந்த மெஷின் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று எப்படிப் புரியும்? எனக்கே முழுதாகப் புரியவில்லை.

முரளியின் வீட்டு வாசலில் சதீஷ் நின்றிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நிவேதா. “வாங்க மாமா” என்று சொல்லிவிட்டு அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பாலத்தில் கேட்டதை நேரில் கேட்கக் காத்திருந்தான், பாவம்.

அண்ணன் அவன் சட்டைப் பையில் இருந்த செல்போனைப் பார்த்தான். பிறகு பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

“உள்ள போலாமே” என்றான்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. நிவேதாவும் கிளியனூர் வரப்போகிறாள். என் அக்கவுண்டு கிடக்கட்டும், வேறு திறந்துகொள்வேன். சதீஷிடமிருந்து பிடுங்கிய ‘நீங்க’வுக்கு எந்தக் கம்பெனியிடம் போய் அப்பீல் போடுவது?