பில் ராணிக்கு வந்த கேக்

வங்கியின் மேல்மாடியில், கார்டு மோசடிப் புகார்களை விசாரிக்கும் பிரிவில் அவளுக்குக் ‘கேள்வி அக்கா’ என்று பெயர். ஒரு மேலாளரிடம் வாயைக் கொடுத்ததற்குத் தண்டனையாகத்தான் அவளை அங்கே மாற்றினார்கள். போன வேகத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆகிவிட்டாள்.

பிரிவில் மற்றவர்கள் ‘எப்படித் திருடினான்?’ என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் ‘எதுக்குத் திருடினான்?’ என்று கேட்பாள். பிடிபட்டவர்களைப் பார்க்கப் போனால் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் அலுத்துக்கொள்வார். “சர்க்கரை டப்பால கை வெச்சாக்கூட விசாரணை கமிஷன் போட்டுடுவா. ஏன் எடுத்தீங்க, மனசுல என்ன வருத்தம்னு கேப்பா. இனிப்பா இருக்குன்னு எடுத்தேன்டீன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா!”

அந்த வருடம் ஒரு செருப்புக்கடைதான் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது. கார்டிலிருந்து பணம் பறிபோனவர்கள் எல்லோரும் அந்தக் கடையில் செருப்பு வாங்கியவர்கள். கார்டுகள் எல்லாம் பில் போடும் ஒரே பெண்ணின் கையைத் தாண்டிப் போனவை. போதாக்குறைக்கு, திருடிய கார்டு எண்ணை வைத்து இணையத்தில் வாங்கிய ஒரு கேக்கின் மேல் ‘பில் ராணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து’ என்று எழுதியிருந்தது. கடையில் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயரே பில் ராணிதான். கடை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? கூட்டம் நிறைந்த மாலை நேரத்தில், வாடிக்கையாளர்கள் பார்க்க, “திருட்டு நாயே, வெளிய போ” என்று துரத்திவிட்டார்.

“கையும் களவுமா மாட்டியாச்சு. இன்னும் என்ன?” என்று பிரிவின் தலைவர் கோப்பை மூடப் பார்த்தார்.

“அவ எதுக்கு சார் திருடணும்?”

“ஆரம்பிச்சிட்டியா!”

திருடிய கார்டு எண்களில் என்னென்ன வாங்கியிருக்கிறது என்று கேள்வி அக்கா மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணப் பரிசு. குழந்தைக்குத் தொட்டில். ஒரு கூட்டமே சாப்பிடும் அளவுக்குப் பிரியாணி. யாரோ ஒரு மாணவிக்குப் புத்தகப்பை. அத்தனையும் டெலிவரி ஆட்களிடமிருந்து பூங்கா வாசலிலும் தெருமுனையிலும் கைமாறியிருந்தன. கஷ்டத்துக்குத் திருடுகிறவர்கள் பால்பவுடரும் மருந்தும் வாங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். பேராசைக்காரர்கள் விற்றுக் காசாக்கக்கூடிய போனாகவே வாங்குவார்கள். இந்த ஆளோ தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

“இவன் பொருளைத் திருடல சார். நாலு பேர் நல்ல மனுஷன்னு சொல்லணும்னு திருடறான்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பில் ராணியின் வீடு ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே இருந்தது. அம்மாதான் கதவைத் திறந்தாள். தெருவில் நடக்கவே கூசுகிறது என்று மகள் அறையை விட்டு வரவில்லை. கேள்வி அக்கா மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒரே ஒரு கேள்வி கண்ணு. அந்த கேக்கை உன் கையில கொடுத்தது யாரு?”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“வள்ளல் அண்ணன்.”

“அது யாரு?”

“எங்க சூப்பர்வைசர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். யாருக்கு என்ன விசேஷம்னாலும் அவர் கையால ஏதாவது வரும். ரொம்ப நல்லவருக்கா.”

“கஸ்டமர் கார்டை உங்கிட்ட கொண்டுவந்து தர்றது?”

“அவர்தான். ‘நீங்க உக்காருங்க, நானே பில் போட்டுட்டு வர்றேன்’னு...” கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு அந்தப் பெண் நின்றாள். “ஐயோ அக்கா!”

மறுநாள் கேள்வி அக்கா செருப்புக்கடைக்குப் போனபோது தனியாகப் போகவில்லை. பணம் பறிகொடுத்தவர்களில் ஒருவரான தையல்காரர் கூடவே வந்தார். எதிர் டீக்கடையில் மூன்று டீ சொன்னாள். ஆள் அனுப்பியதும் வள்ளல் வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. உட்காரும்முன்பே பர்ஸை எடுத்தார்.

“நீங்க வைங்க. இன்னைக்கு என் கணக்கு” என்றாள் அக்கா. “உங்களுக்கு யாரும் எதுவும் வாங்கிக் கொடுத்ததே இல்லையா?”

அந்தச் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

கடையைத் தூக்கி நிறுத்தியதே தான்தான் என்றார் வள்ளல். மேனேஜர் நாற்காலியோ முதலாளியின் மச்சானுக்குப் போனதாம். அது நடந்த அன்று ஒரு வாடிக்கையாளரின் கார்டைக் கவுன்டருக்குக் கொண்டுபோகிற வழியில் சும்மா போனில் படம் எடுத்திருக்கிறார். அதை வைத்து, கடையைத் துடைக்கிற பையனின் தங்கைக்கு ஒரு புத்தகப்பை வாங்கினார். அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிட்டானாம்.

“அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன் மேடம். யார் வயித்துலயும் அடிக்கலயே. பேங்க் காசு. அவங்களுக்கு இதெல்லாம் கொசுக்கடி.”

அதுவரை வாய் திறக்காத தையல்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அது என் கார்டுங்க. என் பொண்டாட்டிக்கு மூச்சுத் திணறல். மருந்துக்கடையில கார்டை நீட்டினா, அதுல காசே இல்ல. பின்னாடி வரிசையில நின்னவங்க என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னாங்க.”

“அவங்க இப்ப...?”

“நல்லா இருக்கா. ஆனா அன்னைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.”

வள்ளல் தலையைக் குனிந்தார். வாங்கிக் கொடுத்தபோது கும்பிட்ட முகங்களை மட்டுமே அவர் இத்தனை நாளும் பார்த்திருந்தார். இந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறார்.

“அந்தப் பொண்ணை விரட்டினப்ப பக்கத்துலதானே நின்னீங்க?” என்றாள் அக்கா.

“வாய் வரல மேடம். சொல்லிட்டா வள்ளல் செத்துடுவானேன்னு...”

“இப்ப சொல்லுங்க. அவ பிழைப்பா.”

அவரே எழுந்து போலீஸ் நிலையத்துக்கு நடந்தார். அக்காவும் கூடவே நடந்தாள். போனிலிருந்த படங்களையெல்லாம் அவரே திறந்து காட்டினார். வழக்கு வந்தது; தண்டனையும் வந்தது. பறிகொடுத்தவர்கள் எல்லோருக்கும் வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

முதலாளி பில் ராணிக்குப் போன் செய்து, “ஏதோ நடந்துடுச்சும்மா, மனசுல வெச்சுக்காத, நாளையிலேருந்து வேலைக்கு வா” என்றார்.

“வர்றேன் சார். ஆனா சாயந்திரம் வர்றேன், கூட்டம் இருக்கிற நேரத்துல. போன்ல சொன்னதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

சொன்னபடியே மாலையில் வந்தாள். புதுப் புடவை, நிமிர்ந்த தலை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் கேள்வி அக்கா. முதலாளி தொண்டையைக் கனைத்தார். முதல் தடவை முணுமுணுத்தார்.

“கேக்கல சார்” என்றாள் பில் ராணி.

“இந்தப் பொண்ணு திருடல! நான்தான் விசாரிக்காம அவமானப்படுத்திட்டேன். என்னை மன்னிச்சிடும்மா!”

செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு எழுந்து கை தட்டினார். விற்பனைப் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள். பில் ராணி கவுன்டருக்குப் பின்னால் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரிசையைப் பார்த்துக் கணீரென்று கூப்பிட்டாள்:

“அடுத்தது யாருங்க? வாங்க!”