செல்லப்பன் மனுப் பார்க்கப் போனது

தலைச்சோலை செல்லப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. காபிக்கொட்டை வாங்க வியாபாரி வந்தால் விலை பேசுவது அவர் மனைவி குப்பாயி. நம்ம ஆள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரேஷன் கடையில் சத்தம் போடுவதும் அவள்தான், தாலுகா ஆபீஸில் கேள்வி கேட்பதும் அவள்தான். அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவள் செலவழித்தாள். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

அந்தக் குப்பாயி இப்போது சேலத்தில், பெண்கள் சிறையில் இருந்தாள்.

எல்லாம் ஒரு ஊற்றால் வந்தது. அவளுடைய அப்பா தோட்டத்தைப் பிரித்து அவளுக்குப் பாதி, தம்பி சின்னனுக்குப் பாதி என்று கொடுத்தபோது மேலே இருந்த ஊற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓஸ் பைப்பை அவரவர் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்வது என்று ஏற்பாடு. இந்த வருஷம் காபி பூக்கிற நேரத்தில் பெய்ய வேண்டிய பூமழை ஏமாற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் யார் முறை என்று அக்காளுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை முற்றியது. சின்னன் பைப்பைப் பிடுங்கி எறிந்தான். குப்பாயி மம்பட்டிக் காம்பால் அவன் மண்டையில் ஒரு போடு போட்டாள். சரிந்தவனை மடியில் போட்டுக்கொண்டு ஊரே கேட்க அலறியதும் அவளேதான். ஆம்புலன்ஸ் அவனை மலையிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனது. சாயங்காலம் போலீஸ் ஜீப் அவளையும் அதே ரோட்டில் இறக்கிக்கொண்டு போனது. கொலை முயற்சி வழக்கு, பதினைந்து நாள் ரிமாண்ட்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே செல்லப்பன் கிளம்பினார். கையில் ஆதார் கார்டு, கக்கத்தில் ஒரு கம்பளி, ஒரு ஸ்வெட்டர். ராத்திரி என்றால் குளிரும் என்பதுதானே மலைக்காரர் கணக்கு. சிறை வாசலில் இருந்த காவலர் அம்மா கம்பளியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “ஐயா, இங்க ஃபேன் காத்தே நெருப்பா அடிக்குதுங்க. இதப் போத்துனா வெந்துருவாங்க.” பங்குனி வெயிலில் அந்தக் கம்பளியைச் சுமந்துகொண்டு அவர் வியர்த்து வழிந்தது பார்க்கப் பாவமாக இருந்தது.

மனுப் பார்ப்பது என்றால் கைதியை நேரில் பார்த்துப் பேசுவது. அந்த இடத்தில் நடுவே இரும்பு வலை. இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் உள்ளே இருப்பவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்தத் தெரியாதவனுக்கு அங்கே வேலையே இல்லை. குப்பாயி வலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏனுங்க, சின்னன் உசுரோட இருக்கானா?”

செல்லப்பன் இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. சின்னனுக்கு நினைவு திரும்பவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டதுதான் அவருக்குத் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நல்லா இருக்கான்” என்று முனகினார். கெட்ட சேதி என்றால் தரையைப் பார்ப்பவர் என்று இருபத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். அவள் முகம் செத்துப் போயிற்று. நேரம் முடிந்துவிட்டது என்று அவளை உள்ளே அழைத்துப் போனார்கள்.

புதன்கிழமை வக்கீல் ஷெர்லின் போன் செய்தாள். இலவச சட்ட உதவியில் குப்பாயிக்காக வாதாட வந்த, அதே மலையில் நாகலூர்ப் பெண் அவள்.

“ஐயா, அம்மா ரெண்டு நாளா சோத்தத் தொடலைங்க. தம்பியக் கொன்னுட்டேன், எனக்கு என்னத்துக்குச் சோறுங்கறாங்க. அவரு கண்ணு முழிச்சுட்டாருன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. வக்கீலுன்னா பொய்தான் சொல்லுவீங்களாம். நாளைக்கு மனுவுல நீங்கதான் நம்ப வெக்கணுமுங்க. நொம்ப பலவீனமா இருக்காங்க.”

போட்டோ எடுத்துக் காட்டலாம் என்றால் போன் உள்ளே போகாது. பேச்சு ஒன்றுதான் உள்ளே போகும். அது இல்லாத ஆளைப் பார்த்து இந்தப் பொறுப்பு விழுந்ததே என்று எனக்கே கோபம் வருகிறது.

வியாழக்கிழமை காலையில் அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் சின்னன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். தலை முழுக்கக் கட்டு. அவன் பெண்டாட்டி வேலம்மாள் செல்லப்பனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பதினோரு தையலுங்ணா,” என்றாள் சுவரைப் பார்த்து. “ஒரு வெரக்கட தள்ளி விழுந்திருந்தா நான் தாலியறுத்திருப்பேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லையே. சின்னன்தான் வாயைத் திறந்தான்.

“மாமா, எங்கக்காகிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம தண்ணி என்னுதுதான். மண்டைய ஒடச்சாலும் என்னுதுதான்.”

வேறு நாளாக இருந்தால் செல்லப்பனுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அவன் காலைத் தொட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார். வாசல் வரைக்கும் வந்த வேலம்மாள், “சோறு திங்கச் சொல்லுங்க உங்கூட்டுக்காரிய. அவ செத்துகித்துத் தொலஞ்சா அந்தப் பழியும் எங்க மேலதான் வரும்” என்று கடுகடுத்தாள். டவுன் பஸ்ஸில் அவர் சின்னன் சொன்னதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

வலைக்கு அந்தப் பக்கம் குப்பாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.

“சின்னன்…” என்று ஆரம்பித்தார். பக்கத்தில் ஒருத்தி ஜாமீனைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. குப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்லப்பன் இரண்டு கையாலும் வலையைப் பிடித்தார்.

“ஞாயித்துக்கெழம தண்ணி அவனுதுதானாம்! மண்டைய ஒடச்சாலும் அவனுதுதானாம்!”

கூடமே கப்சிப் என்று ஆனது. காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்பாயி கண்ணைத் திறந்தாள். ஆறுதலுக்காக யாரும் இப்படி ஒரு பொய் சொல்ல மாட்டார்கள். அதிலும் செல்லப்பனுக்கு இதைக் கற்பனை செய்யவே வராது.

“என்னது? அவனுதாமா?”

“அப்புடித்தான் சொன்னான். இட்லி தின்னுக்கிட்டே சொன்னான்.”

“சனிக்கெழமையே எடுத்துக்கிட்டானே, திருட்டுப் பய! ஞாயித்துக்கெழமையும் அவனுக்கா? என்ன நெனச்சுக்கிட்டு…” அதற்கு மேல் முடியவில்லை. வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். “தையல் எத்தன போட்டாங்க?”

“பதினொன்னு.”

“ஐயோ, எஞ்சாமி.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவங்கிட்டச் சொல்லுங்க. நான் வார வரைக்கும் எல்லா நாளும் அவனே தண்ணி உட்டுக்கட்டும். நம்ம செடி காஞ்சாக் காயட்டும். வந்தப்பறம் வெச்சுக்கறேன்.”

செல்லப்பன் தலையை ஆட்டினார். நேரம் முடிந்தது. உள்ளே திரும்பிப் போகும்போது குப்பாயி பக்கத்தில் வந்த காவலர் அம்மாவிடம், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டது அவர் காதில் விழுந்தது.