தூதர் குடிக்காம வெச்ச காப்பி

ரஸ்மிய்யா வீட்டு மொட்டை மாடியில ஏறி நின்னா ராணுவம் போட்ட வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க ஆலிவ் தோப்பு, அதுக்கு மேல குன்னுல இஸ்ரேல்காரங்க குடியிருப்பு, எல்லாம் ஒரே பார்வையில தெரியும். அதனாலயே எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் ஊர்த் தலைவர் நேரா இங்கதான் கூட்டிட்டு வருவாரு. அவ கல்யாணமாகி வந்த புதுசுல வேலி கிடையாது. அப்பவும் வந்தாங்க, குன்ன மட்டும் பாத்துட்டுப் போனாங்க.

வந்தவங்கள்ல ஒருத்தர் சமாதானம் வாசல் வரைக்கும் வந்துட்டதாச் சொன்னாரு. ஒருத்தர் மாடியில நின்னு அழுதாரு. யாரு எந்த நாடுன்னு அவளுக்கு இப்ப ஞாபகமில்ல. எவன் தட்டுல கோழிய மிச்சம் வெச்சான்னு மட்டும் ஞாபகம் இருக்கு. அழுதவர் மிச்சம் வெக்கல.

மொதல்ல எல்லாம் தூதர் வர்றாருன்னா அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இப்ப ஜன்னல்ல கொடி கட்டின வண்டியப் பாத்தா அடுப்புல தண்ணி வெப்பா, அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் அசையறதில்ல.

வேலியில ஒரு கேட் இருக்கு. அறுவடைக்கு ராணுவம் அதைத் திறந்து விட்டாத்தான் தோப்புக்குப் போக முடியும். இவங்களுக்கு ரெண்டு வருஷமாத் திறக்கல. குடியிருப்புக்கு ரோடு போட தோப்ப எடுத்துக்கறோம்னு ராணுவம் நோட்டீஸ் ஒட்டுச்சு, அதை எதிர்த்து அவ புருஷன் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. மூத்த பையன் பேரால ஊர்ல எல்லாரும் அவர அபூ வஜீஹ்னு கூப்பிடுவாங்க, இவ உம் வஜீஹ், வஜீஹோட அம்மா. அந்த வஜீஹ் குவைத்துல லாரி ஓட்டறான்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கறப்ப ஹென்னிங்னு ஒரு தூதர் வந்தாரு. நல்ல உயரம், நல்ல ஷூ. கூட ரீமான்னு ரமல்லாப் பொண்ணு, அவர் பேச்ச அரபில சொல்றதுக்கு. ரஸ்மிய்யா ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி கொண்டாந்து வெச்சா. தூதர் கோப்பைய எடுத்தாரு, வாய்கிட்ட கொண்டு போகல. அப்படியே மேசையில வெச்சுட்டு, அரபிய மென்னு மென்னு, "அபூ வஜீஹ், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்"னாரு.

ரஸ்மிய்யா உள்ள போகாம வாசப்படியிலயே நின்னுட்டா. பொண்ணு கேட்டு வர்றவங்களும், ரத்தப் பகை தீர்க்க வர்ற பெரியவங்களும் அப்படித்தான் வெப்பாங்க. கேட்டது கிடைக்கற வரைக்கும் குடிக்க மாட்டாங்க. வீட்டுக்காரன் "குடிங்க, கேட்டது உங்களுக்கு"ன்னு சொல்லணும். காப்பிய ஆற விட்டு விருந்தாளிய அனுப்பினா அது சாகற வரைக்கும் அவமானம். சொல்லிட்டா, சொன்னது சொன்னதுதான்.

அபூ வஜீஹுக்கு முகம் மலர்ந்து போச்சு. "அட, யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"அவரே படிச்சுக்கிட்டாரு மாமா"ன்னா ரீமா.

தூதர் சொன்னதை அவ எடுத்துச் சொன்னா. ராணுவத்துகிட்டப் பேசியாச்சு. வருஷா வருஷம் கேட்டத் திறக்க ஒத்துக்கிட்டாங்க. இந்த அறுவடையிலேர்ந்தே போலாம். நீங்க கேஸ வாபஸ் வாங்கணும். ரெண்டு பக்கமும் நம்பிக்கை வர்றதுக்கு இது மொதப் படி.

"ரோடு?"ன்னு கேட்டாரு அபூ வஜீஹ்.

"ரோடு வரும். ஆனா தோப்புல பாதிதான் போகும்."

அவர் தாடியத் தடவிக்கிட்டே ஜன்னல் பக்கம் பாத்தாரு. ரெண்டு வருஷமாக் காய் தொடாத கை.

ரஸ்மிய்யா வாசப்படியில நின்னபடியே கேட்டா. "ஏம்மா ரீமா, அவங்ககிட்டப் பேசப் போனாரே, அங்கயும் இப்படிக் கோப்பையக் கீழ வெச்சாரான்னு கேளு."

"உம் வஜீஹ்!"ன்னு அதட்டினாரு புருஷன்.

"நீ கேளும்மா."

ரீமா தயங்கித் தயங்கிக் கேட்டா. தூதர் சிரிச்சாரு, கன்னம் செவந்து போச்சு.

"அங்க காப்பி குடுக்கலயாம், அத்தை. தண்ணி பாட்டில்தானாம்."

"அதைக் குடிச்சாராமா?"

"குடிச்சேன்னு சொல்றாரு."

"அப்ப தாகமெல்லாம் அங்கயே தீந்து போச்சு."

ஊர்த் தலைவர் இருமி இருமிச் சிரிப்ப மறைச்சாரு. அபூ வஜீஹ் சிரிக்கல. தூதரப் பாத்தாரு, கோப்பையப் பாத்தாரு. சொல்றதுக்கு வாயத் திறந்தாரு.

ரஸ்மிய்யா ரெண்டே எட்டுல வந்து கோப்பையத் தூக்கிட்டா. "ஆறிப் போச்சு. சூடா வேற போட்டுக் கொண்டாரேன்."

அடுப்படிக்குப் போயி காப்பியத் தொட்டியில கொட்டினா. தண்ணி வெக்கல. சுவத்துல சாஞ்சு நின்னா. கோபம் வரும்னு பாத்தா, வரல. அழுகையும் வரல. வெளியில பேச்சு கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. நாற்காலி நகந்துச்சு. வண்டி கிளம்பிப் போச்சு.

புருஷன் வந்து நின்னாரு. "மானத்த வாங்கிட்ட."

"ஆமா."

"பாதியாவது மிஞ்சியிருக்கும்டி."

"அடுத்த தூதர் வந்து கோப்பைய வெச்சா மிச்சப் பாதியும் போயிருக்கும்."

அவர் மாடிக்கு ஏறிப் போயிட்டாரு. நாலு நாள் அவகிட்டப் பேசல.

அறுவடை வந்துச்சு. ஏணி, விரிப்பு எல்லாத்தையும் தூக்கிட்டு ரெண்டு பேரும் மத்த குடும்பங்களோட கேட்டுக்குப் போனாங்க. பேர் வாசிச்சாங்க. இவங்க பேர் வரல. அபூ வஜீஹ் கோர்ட் தாள நீட்டினாரு, சிப்பாய் வாங்காமயே தலைய ஆட்டினான். கோர்ட்டும் விசாரணைய மழைக்காலத்துக்கு அப்புறம்னு தள்ளி வெச்சிருந்துச்சு. மத்தவங்க உள்ள போனதும் கேட்டப் பூட்டிட்டாங்க.

வேலிக்கு அந்தப் பக்கம் மரத்துல காய் கறுத்துத் தொங்குச்சு. கொஞ்சம் தரையில உதிந்தும் கெடந்துச்சு. நாமதான் இப்படிப் பண்ணிட்டமான்னு ரஸ்மிய்யா யோசிச்சுப் பாத்தா. ஆமான்னும் தோணல, இல்லன்னும் தோணல.

"எல்லா மரமும் இருக்கா?"ன்னு கேட்டாரு அபூ வஜீஹ். அவருக்குக் கண்ணு தூரத்துக்குத் தெரியாது.

கடைசி வரிசை வரைக்கும் பாத்துட்டுச் சொன்னா.

"இருக்கு."