பால்காரர் மகனுக்குப் பால்

எங்கள் ஈசூன் வட்டார மருந்தகத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் நான் ஏறும்போதெல்லாம், அங்கிருக்கும் தாதிப் பெண் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் முள்ளைப் பார்ப்பாள். "அங்கிள், பாலைக் குறைங்க லா" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் வாயில் பாலை ஊற்ற ஒரு பள்ளிக்கூடமும், ஊற்றவிடாமல் தடுக்க ஒரு குடும்பமும் மல்லுக்கு நின்ற காலம் ஒன்று உண்டு என்றால் அவள் நம்பவா போகிறாள்?

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் சாலைக்குப் பின்னால், தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் வீடும் மாட்டுக்கொட்டகையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. எது எதன்மேல் சாய்ந்திருந்தது என்று சொல்வது கஷ்டம். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அப்பா பால்காரர். அந்த வட்டாரத்தில் அவருடைய பாலைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால், சொட்டு ஓடாமல் முத்துப்போல நிற்கும் என்று பெயர். தண்ணீர் கலந்த பால் நகத்தைவிட்டு வழிந்து ஓடிவிடும். எங்கள் குடும்பத்தின் மானம் அந்த நகத்தளவு இடத்தில்தான் இருந்தது.

அந்தத் தொழிலில் எனக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. பள்ளிக்குப் போவதற்குமுன் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட வேண்டும். அது ஓடிப்போய்த் தாயின் மடியில் முட்டும். காம்பில் பால் இறங்கியதும் அப்பா "ம்" என்பார். உடனே நான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தாயின் முகத்துக்கு முன்னால் கட்டிவிட வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும், அப்பா கறப்பார். கன்று வாயெல்லாம் நுரையோடு என்னை முறைக்கும். அந்த முறைப்பை நான் பொருட்படுத்தியதே இல்லை. தொழில் என்றால் தொழில்.

கறந்த பால் அவ்வளவும் சைக்கிளில் ஏறிப் போய்விடும். வீட்டில் எங்களுக்குக் கோப்பி ஓ, அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி. இது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. சவப்பெட்டி செய்கிறவர் பெட்டிக்குள்ளேயா படுத்துத் தூங்குகிறார்?

இப்படி இருக்கையில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மிஸ்ஸி வந்தார். நர்சம்மாவை அப்போது எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். சட்டையைக் கழற்றச் சொல்லி எங்களை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி, இரும்புக் குண்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் வகுப்பு ஆசிரியையான சீனத்து மிஸ், சில பையன்களின் பெயரை மட்டும் உரக்கப் படித்தார். அதில் என் பெயரும் இருந்தது.

என் பெயர் அதுவரை எந்த நல்ல காரியத்துக்காகவும் வகுப்பில் கூப்பிடப்பட்டதில்லை. என்ன பரிசு, எதற்குப் பரிசு என்று ஒன்றும் புரியவில்லை. மிஸ் பேசிய ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த சொல் என் பெயர் ஒன்றுதான். இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கைதட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. பொறாமை போலும் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

இடைவேளையில் எங்களை மாடிப்படிக்கு அடியில் உட்காரவைத்தார்கள். ஒரு பெரிய அண்டாவில் பால்மாவைக் கரைத்து, ஆளுக்கொரு தகரக் குவளையில் ஊற்றினார்கள். சூடாக இருந்தது. இனித்தது. குடித்து முடித்ததும் மேலுதட்டில் வெள்ளை மீசை முளைத்தது. நான் அதைத் துடைக்கவில்லை. மெடலை யாராவது துடைப்பார்களா?

அந்த மீசையோடு நான் வீடு வந்து சேர்ந்தபோது, அப்பா கொட்டகை வாசலில் மதியப் பால் அளந்துகொண்டிருந்தார். துணிக்கடை ராவுத்தர் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வாயில வெள்ளையடிச்சிருக்கு?" என்றார் ராவுத்தர்.

"பள்ளிக்கூடத்துல பால் குடுத்தாங்க! எல்லாருக்கும் இல்ல, ஆள் பாத்துப் பொறுக்கியெடுத்துக் குடுத்தாங்க. என்னையும் எடுத்துட்டாங்க!"

கொட்டகையில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது போலிருந்தது. ராவுத்தர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

"பால்காரர் மவனுக்கே தர்மப் பாலா! அப்ப நீங்க எங்களுக்கு ஊத்துறது என்னண்ணே?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே தூக்குச்சட்டிக்குள் விரலை விட்டு, ஒரு சொட்டை எடுத்து நகத்தில் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் அந்தச் சோதனை செய்து நான் பார்த்ததே இல்லை. சொட்டு முத்துப்போலத்தான் நின்றது. அப்பாவின் முகம்தான் வழிந்துவிட்டது.

மறுநாள் சிராங்கூன் சாலையில் பால் வாங்கிய அத்தனை பேரும் தங்கள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மூலைக் காப்பிக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், "ரெண்டு நாளைக்கு டின் பாலே போதும்லா" என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு பேர் அப்படிச் சொன்னால் மாட்டுக்குத் தீவனம் வாங்க முடியாது என்று அப்பா சித்தப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பரிசு வாங்கிய பிள்ளையால் மாடு ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

"இனிமே அந்தப் பாலைத் தொட்டே, தோலை உரிச்சிடுவேன்" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "சூடாவா குடுத்தாங்க? சீனி போட்டாங்களாடா?"

"இப்ப அதுவா முக்கியம்?" என்று அப்பா கத்தினார். அதுவா முக்கியம் என்று எனக்கும் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் வேறு சட்டம். குவளை காலியாகும்வரை மிஸ் தலைக்குமேலேயே நிற்பார். குடித்தால் வீட்டில் தோல் போகும், குடிக்காவிட்டால் இங்கே காது போகும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பாலை வாயில் ஊற்றிக்கொண்டு விழுங்காமல் வைத்திருந்தேன். அப்பா கேட்டால், குடிக்கவில்லை, வைத்திருந்தேன் என்று சொல்லிவிடலாம். கன்னம் இரண்டும் பலூன்போல உப்பியிருக்க, மிஸ் குனிந்து என்னவோ கேட்டார். பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லையே என்று வாயைத் திறந்தேன். மிஸ்ஸின் வெள்ளை உடையில் பால் பட்டால் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது.

சித்தப்பாவிடம் போய் அழுதேன். எங்கள் வீட்டில் எந்தச் சிக்கலுக்கும் சித்தப்பாவிடம் ஒரு வழி இருக்கும். அதற்குப் பிறகு சிக்கல் இரண்டாகும்.

"டேய், அந்த மிஸ்ஸி மறுபடி எடை பாக்க வருவா இல்ல? அன்னைக்கு எடை கூடியிருந்தா உன் பேரைத் தூக்கிடுவாங்க. சோலி முடிஞ்சுது."

"எப்படிச் சித்தப்பா கூட்டுறது?"

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி ஊத்து."

பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தால் பாவம் என்று வாழ்ந்த குடும்பம், அளவைக் கூட்டுவதற்காகப் பிள்ளைக்குள் தண்ணீர் ஊற்றிய வரலாறு இதுதான். மிஸ்ஸி வந்த அன்று காலையில் பள்ளிக்கூடக் குழாயில் வாயை வைத்தவன், வயிறு கடம்போலக் கெட்டியாகும்வரை எடுக்கவில்லை. நடந்தபோது உள்ளே குளம் தளும்பும் சத்தம் எனக்கே கேட்டது.

என் கணக்கில் ஒரே ஒரு பிசகு. வரிசையில் நான் கடைசியில் நின்றேன். முதலில் ஒரு காலை மாற்றி நின்றேன். பிறகு இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மலாய்ப் பையன், நான் நடனமாடுகிறேன் என்று நினைத்துத் தாளம் போட்டான். ஒருவழியாகத் தராசில் ஏறினேன். மிஸ்ஸி குண்டை நகர்த்தினார், நிறுத்தினார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். எடை ஏறியிருந்தது! அந்த ஆனந்தத்தில் என் பிடி தளர்ந்துவிட்டது. மிஸ்ஸி எழுதுகோலை எடுப்பதற்குள் என் எடை, கால் வழியாகத் தரைக்கு இறங்கத் தொடங்கியது.

அப்பாவை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா காலைச் சுற்று முடித்ததும் சைக்கிளோடு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் அன்று கறந்த பால் ஒரு போத்தல். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாய், இருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, போத்தலைத் தூக்கிக் காட்டி, அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "சாயா ஜுவால் சுசு!"

நான் பால் விற்கிறவன் என்று பொருள். என் பிள்ளைக்கா நீ பால் கொடுப்பது என்ற கோபம் அதற்குள் இருந்தது. ஆனால் கோபத்துக்கான மலாய்ச் சொற்கள் அப்பாவிடம் இல்லை. யாரோ போத்தலோடு வியாபாரம் செய்ய வந்திருக்கிறார் என்று மிஸ் நினைத்துக்கொண்டார்.

"தா மாவ், தா மாவ்," என்று கையை ஆட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று.

அப்பா இப்படிக் குழம்பி நான் பார்த்ததில்லை. போத்தலைக் கீழே இறக்கினார், மறுபடி தூக்கினார். கடைசியில் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இனி சாயா புஞ்ஞா அனாக்!" இது என் பிள்ளை என்றார்.

மிஸ்ஸுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எதையோ சொல்ல வாயெடுத்தார். அவரிடம் இருந்த மலாயும் அதற்குப் போதவில்லை போலும். என் சட்டையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா என் விலாவைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கப் போகும்போது அப்படித்தான் பார்ப்பார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்து வைத்தேன்.

மிஸ் ஒரு குவளைப் பாலை அப்பாவிடம் நீட்டினார். அப்பா விரலைத் தோய்த்து, ஒரு சொட்டை நகத்தில் வைத்துச் சாய்த்தார். சொட்டு நிற்கவில்லை, வழிந்து ஓடிற்று. சரி, இப்போது மானம் காப்பாற்றப்படும் என்று காத்திருந்தேன். அப்பா நகத்தைப் பார்த்தார். தூக்கிப் பிடித்திருந்த சட்டைக்குக் கீழே என்னைப் பார்த்தார். நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஹாரி ஹாரி?" என்று கேட்டார். தினமுமா?

"ஹாரி ஹாரி," என்றார் மிஸ்.

அப்பா கொண்டுவந்த போத்தலைத் திறந்து, மிஸ் தடுப்பதற்குள் அண்டாவில் கவிழ்த்தார். குவளையை என் கையில் கொடுத்து, "குடிடா," என்றார். குரல் என்னவோபோல இருந்தது. தோலை உரிப்பதற்கு முன்னால் வரும் குரலோ என்று பயந்து ஒரே மடக்கில் குடித்தேன்.

அன்று மதியம் ராவுத்தர் தூக்குச்சட்டியோடு வந்தபோது, அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் பாலை அளந்துகொண்டே சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்கு இப்ப நம்ம பால் போவுது, ராவுத்தரே."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் ராவுத்தர். அவர் நகத்தைப் பார்க்கவில்லை. காப்பிக்கடைக்காரரும் டின்னைத் தூரப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். போனது ஒரே ஒரு போத்தல்தான் என்பது எனக்குத் தெரியும். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்கிற அப்பா இதைப் பெருமையாகச் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை.

அதைவிட விளங்காதது மறுநாள் காலையில் நடந்தது. வழக்கம்போலக் கன்றை அவிழ்த்துவிட்டேன். அது ஓடிப்போய் முட்டிக் குடித்தது. பால் இறங்கிவிட்டது, கடைவாயில் நுரை தெரிந்தது. கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி அப்பாவின் "ம்"முக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. ஒருவேளை தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். வாளியை மடியில் வைத்துக்கொண்டு விழித்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

நானே பொறுப்பெடுத்துக் கயிற்றை இழுத்தேன்.

"விடுடா," என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்."

வியாபாரம் ஒருவழியாக நிமிர்ந்து வரும் நேரத்தில் இந்த மனுஷருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாளிக்குப் போகவேண்டிய பால் கண்ணெதிரே கன்றின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் கயிற்றை விடவில்லை.