பாலத்துக்குப் போன கட்டில்

இன்று காலை, தெருமுனை வாய்க்கால் பாலத்தைப் புதுப்பிக்க நன்கொடை கேட்டு, சாப்பாட்டுக்கடை லெச்சுமி அக்கா வந்தார்.

மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். மதிப்பில்லாத காகிதம்தானே, கொடுக்க வலிக்குமா?

மாலையில் தெருவே என் மளிகைக்கடை வாசலில் நின்றது, முன்னால் லெச்சுமி அக்கா.

“அண்ணே, பலகை கெடச்சிருச்சு. ஆணிதான் பெண்டாங் ஊர் முழுக்கத் தேடியும் கெடைக்கல லா. ஒங்ககிட்ட இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

இருக்கிறது. கருவாட்டுப் பெட்டிக்கு அடியில் ஒரு டின் நிறைய. பதுக்கியது தெரிந்தால் ஜப்பான்காரன் என்னைப் பிடித்துக்கொண்டு போவான். கூட்டத்தில் நின்ற போலீஸ்காரரும் பாலத்துக்கு நன்கொடை கொடுத்தவர்தான்.

“விக்கிறதுக்கு ஆணி ஏது அக்கா? என் கட்டில்ல அடிச்ச ஆணிதான் இருக்கு” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அதுவே போதும்ணே!”

எல்லோரும் பார்க்க என் கட்டிலை நானே பிரித்து, வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன்.

அக்கா கண் கலங்கிவிட்டார். “ஒங்க மனசு யாருக்கு வரும்? அடுத்து கெணத்துக்குக் கூரை போடணும்ணே.”

இன்றிரவு தரையில்தான் படுக்கை. வீட்டில் இன்னும் ஓர் அலமாரி மிச்சம் இருக்கிறது. அதுவும் போன பிறகு என்ன சொல்லித் தப்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.