ஒரு கைக் கும்பிடு

விமானம் ஓட்டப் பழகுகிறவருக்கு மேலே ஏறுவது பெரிய விஷயமில்லை. கீழே இறங்கும்போதுதான் மானம் போகும். நாற்பது தாண்டிய பிறகு எதையாவது கற்கக் கிளம்பி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். நான் மலேசியாவில், ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். சொல்லிக்கொடுக்கும் கேப்டன் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கினால்தான் லைசென்ஸ் பக்கமே போக முடியும். அது என்னால் ஆகுமா என்பதுதான் என் கவலை.

வேன் புத்தி

தரையில் உருளும்போது விமானத்தைக் காலால்தான் திருப்ப வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த கேப்டன் குமார் பக்கத்து ஊரான பத்து காஜாக்காரர், என்னைவிட ரொம்ப இளையவர். படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வளைவு வந்ததும் வேன் ஓட்டிய பழக்கம் விடுமா? கையால் முழுசாக ஒடித்தேன். விமானம் நேராக ஓரத்து வாய்க்காலை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்துவிட்டுக் கேப்டன் சொன்னார்: "அக்கா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா லோங்காங்ல எறங்கியிருப்போம் லா!"

ரெடி லா

டவரோடு ரேடியோவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தும், பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வும் ஒட்டிக்கொண்டு "ரெடி ஃபார் டேக்-ஆஃப் லா" என்று வாய் தவறிவிட்டது. கேப்டன் முகத்தை மூடிக்கொண்டார். டவரில் இருந்த மலாய்ப் பெண் கொஞ்சமும் சிரிக்காமல், மலாயில் 'அக்கா' என்றும் சேர்த்துப் பதில் சொன்னார்: "கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப் லா, கக்."

கோபுரம்

ரப்பர் போய்ச் செம்பனை வந்த எஸ்டேட் ஒன்றில் மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே நிற்கிறது. பறக்கும்போது அதன் கோபுரம் தெரிந்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஒருநாள் கோபுரத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் விட்டுக் கும்பிட்டுவிட்டேன். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கேப்டன் பாய்ந்து பிடித்தார். அந்தப் பதற்றத்தில் இறங்கும்போதும் தவளை மாதிரி குதித்தோம். இது நமக்குச் சரிப்படாது, விட்டுவிடலாம் என்றே முடிவு கட்டினேன். விமானத்தை நிறுத்தியதும் கேப்டன் சொன்னார்: "நானும் மாரியாயி பக்தன்தான்க்கா. ஒரு கையால கும்பிட்டா அவ கோவிச்சுக்க மாட்டா. நாளைக்கு வாங்க."

காலி சீட்டு

போனேன். சில வாரம் கழித்து ஒரு காலையில் நன்றாக இறங்கியதும் கேப்டன் பெல்ட்டைக் கழற்றினார். "நான் கேன்டீன்ல தே தாரே குடிக்கப் போறேன். நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று இறங்கிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு விமானத்தை ஓடுபாதைக்கு உருட்டினேன்.

ஆள் குறைந்ததால் விமானம் சட்டென்று எழும்பியது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பயம் வரும் என்று காத்திருந்தால் சந்தோஷம்தான் வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். கோபுரம் வந்தது. ஒரு கையால் கும்பிட்டேன், மறு கை அசையவில்லை. சக்கரம் குதிக்காமல் தரையைத் தொட்டது.

முதன்முதலாகத் தனியே பறந்தவரைத் தண்ணீர் ஊற்றி நனைப்பது இந்தத் தொழில் வழக்கம். கேப்டன் சொல்லி வரவழைத்திருந்த என் வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குறைப்பட்டார்: "மஞ்சத்தண்ணி கலக்கலாம்னு பாத்தேன், கேப்டன்தான் வேணாம்னுட்டாரு!"

இப்போது வேனில் கோயிலைத் தாண்டும்போதும் ஒரு கைதான் எழுகிறது; ஆண்ட்டிக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள்.